உரிமம் வருமுன்னே பேசிய வானொலி



ஹைதராபாத்திலிருந்து மும்பை போகும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போனால் ஜஹீராபாத் வரும். தெலங்கானாவின் மேற்கு விளிம்பில் இருக்கும் சிறிய நகரம். அதைத் தாண்டினால் கர்நாடகத்தின் பீதர். அந்த நகரத்தை ஒட்டிய மாச்னூர் கிராமத்தில் ஒரு பண்பலை நிலையம் இருக்கிறது. பெயர் சங்கம் ரேடியோ. அலைவரிசை 90.4. மாலை 7 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடியும் ஒலிபரப்பு. அதை நடத்துகிறவர்கள் அந்த வட்டாரத்துத் தலித் பெண்கள், விவசாயக் கூலிகளாகவும் சிறு நிலக்காரிகளாகவும் இருப்பவர்கள்.

கல்வி நிறுவனங்களுக்கு வெளியே, மக்கள் அமைப்பு ஒன்று நடத்திய இந்தியாவின் முதல் சமுதாய வானொலி இது. 2008 அக்டோபர் 15 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. நூல்களில் இந்தத் தேதிதான் இருக்கும். ஆனால் அங்கே நிலையம் அமைந்தது 1998இல். ஒலிப்பதிவுக் கூடமும் கருவிகளும் பயிற்சி பெற்ற பெண்களும் அப்போதே தயார். இல்லாதது அரசின் அனுமதி ஒன்றுதான். அது வர பத்து ஆண்டு ஆயிற்று. இன்று நான் பேச வந்தது முக்கியமாக அந்தப் பத்து ஆண்டைப் பற்றி.

டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பு 1983இல் அந்த வட்டாரத்தில் வேலையைத் தொடங்கியது. அதை வழிநடத்திய பி.வி. சதீஷ், மைசூரில் பிறந்தவர், தூர்தர்ஷனில் தயாரிப்பாளராக இருந்தவர். 2023 மார்ச்சில் காலமானார். ஊர் ஊராகப் பெண்களின் சங்கங்கள் உருவாயின. சுமார் 75 கிராமங்களில் 5,000 பெண்கள் என்று வளர்ந்தது. வானொலிக்கு வந்த பெயர் இந்தச் சங்கங்களின் பெயர்தான்.

அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வானம் பார்த்த பூமி. சோளம், கம்பு, தினை, துவரை, கொள்ளு என்று ஒரே ஏக்கரில் பத்துப் பதினைந்து பயிர் கலந்து விதைப்பது அவர்கள் வழக்கம். மழை முடிந்த பிறகு, பனியின் ஈரத்தை மட்டும் நம்பி விளைகிற பயிர்கள் சில உண்டு. அவற்றைச் சத்யம் பண்டலு என்பார்கள். விதையைச் சாம்பலும் வேப்பிலையும் கலந்து, சாணம் மெழுகிய கூடையில் அடைத்து, அடுத்த பருவத்துக்குக் காப்பாற்றுவது பெண்களின் பொறுப்பு. எந்த விதை யார் வீட்டில் இருக்கிறது, எந்த மண்ணுக்கு எது ஆகும் என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருந்தது. எழுதி வைத்தவர் யாரும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் போகாதவர்கள்.

இவர்களுக்கு அரசு வானொலியின் பண்ணைச் செய்தி எப்படிக் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒட்டு விதை, யூரியா, நெல், கரும்பு என்றே அது பேசியது. பேசிய தெலுங்கும் கடற்கரை மாவட்டங்களின் படித்த தெலுங்கு. ஜஹீராபாத் பேச்சில் கன்னடமும் உருதுவும் கலந்திருக்கும். அந்தப் பேச்சை வானொலியில் யாரும் பேசவில்லை. பேசினால் கேலிக்குரிய பாத்திரமாக நாடகத்தில் பேசியிருப்பார்கள். தங்களுக்கென்று ஒரு வானொலி வேண்டும் என்று சங்கத்துப் பெண்கள் கேட்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். யுனெஸ்கோ உதவியது. மாச்னூரில் நிலையம் எழுந்தது. ஒலிபரப்ப மட்டும் வழி இல்லை.

ஏன் இல்லை? 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தடுத்தது. அதன் நான்காம் பிரிவு, தந்தியை நிறுவி நடத்தும் முழு உரிமையையும் மத்திய அரசுக்கே கொடுத்தது. வானொலி கண்டுபிடிக்கப்படும் முன்பே எழுதிய சட்டத்துக்குள் பின்னால் வானொலியையும் அடக்கினார்கள். ஒலிபரப்புவது கிடக்கட்டும், கேட்பதற்கே உரிமம் வேண்டியிருந்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1980கள் வரைக்கும் வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் ஆண்டுதோறும் தபால் ஆபீசில் பணம் கட்டி, ஒரு சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்கி வரவேண்டும்.

ஆனால் நம் நாட்டில் ஒலிபரப்பு தொடங்கியபோது அது அரசின் கையில் இல்லை. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முதலானோர் சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று ஒன்றைத் தொடங்கி, சொந்தச் செலவில் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பினார்கள். பணம் போதாமல் 1927இல் நின்றது. கருவிகளை வாங்கிக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 முதல் நடத்தியது. 1938இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. இந்தியாவில் முதன்முதலாகப் பண்பலை ஒலிபரப்பு நடந்ததும் சென்னையில்தான், 1977 ஜூலை 23 அன்று. குடிமக்கள் சிலர் கூடி, ஒரு மாநகராட்சி துணை நின்று வானொலி நடத்திய வழக்கம் நம்மிடமே இருந்திருக்கிறது. இடையில் ஒரு அறுபது ஆண்டு அது அடியோடு மறந்துபோயிற்று.

அதை மீட்டெடுத்த தீர்ப்பு ஒரு கிரிக்கெட் போட்டியால் வந்தது. 1993இல் வங்காள கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பைப் போட்டியை நடத்தியது. ஒளிபரப்பும் உரிமையை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூர்தர்ஷனும் அரசும் எதிர்த்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1995 பிப்ரவரி 9 அன்று நீதிபதிகள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோர் தீர்ப்பளித்தார்கள்.  அலைவரிசை பொதுச்சொத்து, அதை அரசு தன் ஏகபோகமாக வைத்திருக்க முடியாது, தனியார் கையில் ஏகபோகமாகப் போகவும் கூடாது, பொதுநலன் கருதி ஓர் அமைப்பு அதை முறைப்படுத்த வேண்டும். தீர்ப்பின் சாரம் இதுதான். கருத்துரிமை என்றால் சொல்லும் உரிமை மட்டுமல்ல, பலதரப்பட்ட கருத்துகளைக் கேட்கும் உரிமையும் அதில் உண்டு என்றும் விளக்கினார்கள்.

இந்தத் தீர்ப்பை அடிப்படையாக வைத்து 1996இல் பெங்களூரில் கூடியவர்கள் சமுதாய வானொலிக்காக ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். 2000 ஜூலையில் ஜஹீராபாத்துக்குப் பக்கத்துப் பஸ்தாபூரிலேயே யுனெஸ்கோவின் துணையோடு இன்னொரு கூட்டம் நடந்தது. அரசு அசைந்தது, ஆனால் வேறு திசையில். பண்பலை அலைவரிசைகளை ஏலம் விட்டது. 2001 ஜூலையில் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை நிலையம் தொடங்கிவிட்டது. கோடிகள் உள்ளவர்களுக்குத் தீர்ப்பு வந்த ஆறு ஆண்டில் கதவு திறந்தது. மாச்னூர்ப் பெண்களுக்குப் பதிமூன்று ஆண்டு. பொதுச்சொத்து என்று நீதிமன்றம் சொன்ன ஒன்றை முதலில் விலை பேசியது பெரிய அநீதி என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அந்தப் பெண்கள் காத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. நாடாவில் பதிந்தார்கள். பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு களை எடுக்கும் இடத்துக்கும் களத்துமேட்டுக்கும் போனார்கள். குனிந்து வேலை செய்கிறவர்களின் வாய்க்கு மைக் எட்ட வேண்டுமே, அதனால் கேட்கிறவரும் குனிய வேண்டும், கூடவே நகர வேண்டும். விதைப்புப் பாட்டு, திரிகைப் பாட்டு, மாட்டுக்கு வரும் நோவுக்கு எந்தப் பச்சிலை, கிழவி ஒருத்தி மட்டும் செய்யத் தெரிந்த தினைப் பண்டம், இவையெல்லாம் பதிவாயின. கூடத்துக்கு வந்து வெட்டி ஒட்டினார்கள். பிறகு அந்த நாடா எங்கே போகும்? கோபுரம் இல்லை, அலை இல்லை. சங்கக் கூட்டத்துக்குப் போனது. வேலை முடிந்து, சாப்பிட்டு, பெண்கள் இரவில் கூடும் இடத்தில் டேப் ரெக்கார்டரை நடுவில் வைத்து ஓட்டினார்கள். கேட்டவர்கள் அங்கேயே திருத்தம் சொன்னார்கள். அந்த விதையை அப்படி ஊன்றினால் முளைக்காது, எங்கள் ஊரில் இப்படி என்றார்கள். அந்தத் திருத்தம் அடுத்த பதிவுக்கு விஷயமாயிற்று. இப்படி நூற்றுக்கணக்கான மணி நேரம் சேர்ந்தது.

நிலையத்தின் முகமாக நின்ற இருவர் பெயரும் நர்சம்மா. ஒருவர் ஜெனரல் நர்சம்மா, இன்னொருவர் அல்கோல் நர்சம்மா. தொகுப்பு, பதிவு, அறிவிப்பு எல்லாம் அவர்கள் கற்றுக்கொண்டது இந்தக் காத்திருப்புக் காலத்தில்தான். பெரிய நிலையங்களில் அறிவிப்பாளர் ஆயிரக்கணக்கானோருக்குப் பேசுவார், ஒருவர் முகத்தையும் பார்க்க மாட்டார். இவர்களோ கேட்பவர்களின் முகத்தைப் பத்து ஆண்டு பார்த்துப் பார்த்துப் பேசப் பழகினார்கள். உரிமம் 1998லேயே கிடைத்திருந்தால் நல்லதுதான். ஆனால் அந்தப் பத்து ஆண்டில் வந்த பழக்கம், அலையில் ஏறிய பிறகும் அந்த வானொலியை விட்டுப் போகவில்லை.

அதே ஆண்டுகளில் நாட்டின் பல மூலைகளில் இன்னும் சிலர் தவித்துக்கொண்டிருந்தார்கள். கர்நூல் மாவட்டம் ஓர்வகல்லில் சுய உதவிக் குழுப் பெண்கள் 2002 அக்டோபரில் மனா ரேடியோ என்று சிறிய நிலையம் தொடங்கினார்கள். சில மாதங்களில் அதிகாரிகள் வந்து மூடினார்கள். கோலார் மாவட்டத்துப் பூதிகோட்டையில், ஹைதர் அலி பிறந்த ஊரில், நம்ம த்வனி என்ற வானொலி அலையைத் தொடாமல் கேபிள் டி.வி. கம்பி வழியே வீடுகளுக்குப் போனது. கம்பி வழியே போனதால் ஒலிபரப்பு உரிமம் தேவைப்படவில்லை.

பீகாரின் வைசாலி மாவட்டம் மன்சூர்பூரில் நடந்தது தனிக் கதை. ராகவ் மஹதோ என்ற இளைஞர் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஐம்பது ரூபாய்ச் செலவில் ஒரு டிரான்ஸ்மிட்டர் செய்தார். பக்கத்து ஆஸ்பத்திரி மாடியில் மூங்கில் கழியை நட்டு, அதன் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டினார். ராகவ் எஃப்.எம். மன்சூர்பூர் 1 என்று பெயர் வைத்தார். நண்பர் பேசுவார், இவர் கருவியைப் பார்த்துக்கொள்வார். சினிமாப் பாட்டு, பஜனை, காணாமல் போனவர் அறிவிப்பு, எய்ட்ஸ் விழிப்புணர்வு என்று ஓடியது. உரிமம் என்று ஒன்று வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. 2006 பிப்ரவரியில் பி.பி.சி. அவரைப் பற்றிச் சொன்னது, உலகம் கேட்டது, அடுத்த மாதமே அரசு அதை மூடியது. திறமையையும் ஆர்வத்தையும் கண்டு, உரிமம் கொடுத்து உட்கார வைத்திருக்க வேண்டிய ஆள் அவர்.

அரசின் கொள்கை மெல்ல இளகியது. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி தந்தார்கள். அப்படி நாட்டிலேயே முதலில் வந்தது சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., 2004 பிப்ரவரி 1 அன்று. அதுவும் 90.4தான். 2006 நவம்பரில்தான் பதிவு பெற்று மூன்று ஆண்டு ஆன தொண்டு அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம் என்று கொள்கை மாறியது. நிபந்தனைகள் பல. கதிர்வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டெனா 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரானவையாக இருக்க வேண்டும். விளம்பரம் மணிக்கு 5 நிமிடம்தான். பின்னால் அதைக் கூட்டினார்கள்.

100 வாட் என்றால் ஒரு பழைய குண்டு பல்பின் அளவு. பெருநகரத் தனியார் நிலையங்களில் அது கிலோவாட் கணக்கில் இருக்கும். ஆனால் பண்பலை நேர்கோட்டில் போகிற அலை. மலையோ மாடிக் கட்டடமோ குறுக்கே நிற்காவிட்டால், குறைந்த சக்தியே கூடத் தொலைவு போகும். ஜஹீராபாத் பக்கம் தக்காணத்து மேட்டுச் சமவெளி. சுமார் 25 கிலோமீட்டர் தொலைவு வரை சங்கம் ரேடியோ கேட்கிறது. ஒரு கிராமத்து மனுஷி தன் வாழ்நாளில் உறவும் சந்தையும் என்று போய் வருகிற தூரம் பெரும்பாலும் அவ்வளவுதான். தேவைக்கு அது போதும்.

2008 அக்டோபர் 15, உலக கிராமப்புறப் பெண்கள் தினம். மாச்னூரில் ஒலிபரப்பைத் தொடங்கி வைக்க வந்தவர் ஓய்வு பெற்ற நீதிபதி பி.பி. சாவந்த். அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் எழுதிய அதே கை. தான் எழுதிய ஒரு தீர்ப்பு பதிமூன்று ஆண்டு நடந்து ஒரு சோளக்காட்டு ஊருக்கு வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு எத்தனை நீதிபதிகளுக்குக் கிடைத்திருக்கும்!

மாலை ஏழு மணி என்பதையும் அவர்கள் யோசித்தே வைத்தார்கள். பெண்கள் வயலிலிருந்து திரும்பி அடுப்பு மூட்டும் நேரம். கையில் வேலை இருக்கும், காது சும்மா இருக்கும். பருவத்துக்கு ஏற்ற விவசாயப் பேச்சு, உடல்நலம், பழைய பாட்டு, குழந்தைகள் நிகழ்ச்சி என்று போகும். வட்டார வழக்கிலேயே பேசுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்து கதை சொல்வார்கள். சினிமாப் பாட்டை நம்பி நடக்கிற நிலையம் இல்லை இது.

நம் பக்கமும் இந்த விதை விழுந்திருக்கிறது. சுனாமியில் அடிபட்ட நாகை மாவட்டத்தில், விழுந்தமாவடியில் களஞ்சியம் வானொலி வந்தது. பாம்பனில் 2016இல் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை தொடங்கியது. அதுவும் 90.4. படகில் இருப்பவர் காற்று எப்படி, அலை எப்படி என்று தன் பேச்சு வழக்கிலேயே கேட்கலாம்.

பணக் கஷ்டம் எல்லா நிலையத்துக்கும் உண்டு. 2012இல் அலைவரிசைக் கட்டணத்தை ஆண்டுக்கு 19,700 ரூபாயிலிருந்து 91,000 ரூபாயாக ஒரே தாவலில் உயர்த்தினார்கள். நாடெங்கும் சமுதாய வானொலிக்காரர்கள் போராடிய பிறகு திரும்பப் பெற்றார்கள். அது தீர்ந்த பிரச்சினை. தீராத ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவில் சமுதாய வானொலி செய்தி சொல்லக் கூடாது. தனியார் பண்பலையும் சொந்தமாகச் செய்தி சொல்ல முடியாது. வானிலை, போக்குவரத்து, பேரிடர் எச்சரிக்கை, தேர்வு விவரம் போன்றவற்றுக்கு இடம் உண்டு. வேண்டுமானால் அகில இந்திய வானொலியின் செய்தியை ஓர் எழுத்து மாற்றாமல் எடுத்துப் போடலாம். பாம்பனிலிருந்து காற்றின் வேகத்தைச் சொல்லலாம். எல்லை தாண்டியதாக நேற்றிரவு பாம்பன் படகு பிடிபட்டது என்பதைத் தானே விசாரித்துச் செய்தியாகச் சொல்ல முடியாது. கரையில் நிற்கிற மனைவிக்கு அதைவிட வேண்டிய செய்தி வேறு என்ன இருக்கிறது?

மாச்னூரில் இந்தத் தடை இன்னும் வலிக்கிறது. அதே சங்கத்துப் பெண்கள் வீடியோ கேமராவும் பழகியவர்கள். மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு 2002இல் இந்தியாவில் அனுமதி தந்தார்கள். இவர்கள் வாரங்கல் மாவட்டத்துக்குப் போய், அதை விதைத்த விவசாயிகளைப் பருவம் முழுக்கப் பின்தொடர்ந்து, அவர்களின் நஷ்டத்தையும் கோபத்தையும் படமாக்கினார்கள். அந்தப் படம் பல நாடுகளில் ஓடியது. அது அப்பழுக்கில்லாத பத்திரிகைப் பணி. அதையே நடப்புச் செய்தியாக மைக்கின் முன்னால் சொல்ல உரிமம் தடுக்கிறது. செய்தித்தாளுக்கு இந்தத் தடை கிடையாது. தொலைக்காட்சிக்குக் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் ஊடகம் எதுவோ அதற்கு மட்டும் பூட்டு. நேபாளத்தில் ரேடியோ சகர்மாதா 1997இல் தொடங்கியது. அங்கே சமுதாய வானொலியில் செய்தி அன்றாட நிகழ்ச்சி.

காமன் காஸ் அமைப்பு 2013இல் இந்தத் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. பாதுகாப்பும் கண்காணிப்புச் சிரமமும்தான் அரசு தரப்பு சொல்லும் காரணம். அதற்கு என் பதில், அரசின் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒலிபரப்பாகும் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் நிலையங்கள் மூன்று மாதம் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும், கேட்டால் கொடுக்க வேண்டும். தப்பாக ஒன்று சொன்னால் பதிவு கையில் இருக்கிறது, சொன்னவரின் வீடு தெரியும், ஆண்டெனா எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். உரிமத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரமும் ரத்து செய்யும் அதிகாரமும் அரசிடமே இருக்கின்றன. இத்தனைக்குப் பிறகும், ரேஷன் கடையில் இந்த மாதம் என்ன வரவில்லை, கிராம சபையில் எந்தத் தீர்மானம் நிறைவேறியது என்று ஜஹீராபாத்துப் பெண்கள் தங்கள் நிலையத்தில் செய்தியாக வாசிக்கத் தடை போடுவதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. வழிகாட்டு நெறிகளிலிருந்து அந்த ஒரு விதியை நீக்க வேண்டும். சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, அரசின் ஓர் ஆணை போதும்.